எட்டாவது சீல்

காலை பத்தரை மணி ஆவதற்குள் லிஃப்ட்காரர் ஆஸ்பத்திரியில் மூன்று பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். முதலில் வரவேற்பு மேசைப் பெண்ணிடம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் போய், "ஏதாவது தெரிஞ்சுதாம்மா?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் அவள் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கமே திருப்பி வைத்துவிட்டாள். அடுத்தது நர்ஸிடம். பிரசவ அறைக் கதவு கிறீச்சிடுவதைப் பொறுக்கமாட்டாமல் அதன் கீலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது செக்யூரிட்டியிடம். ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டாவது மாடியில் நிற்கும்போது லேசாகத் தூக்கிப் போடுகிறது என்று, சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் சாவியை எடுத்து அதன் சுவிட்ச் பெட்டியைத் திறந்தேவிட்டார்.

முப்பத்தோரு வருஷமாக லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக். மேலும் கீழும் போய்வந்தே பழகின உடம்பு. நல்ல நாளிலேயே ஒரு இடத்தில் நிற்கமாட்டார். கம்பெனியில் பம்பரம் என்று கேட்டால்தான் ஆளைக் காட்டுவார்கள். இன்றைக்கோ அவருடைய ஒரே மகள் உள்ளே வலியில் கிடந்தாள். அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

செக்யூரிட்டி சத்தம் போட்டதும் அவர் மனைவி வெளியே வந்தாள்.

"நீங்க இங்க இருந்தீங்கன்னா அவளைப் பார்க்கிறதை விட்டுட்டு உங்களைத்தான் பார்த்துக்கணும். வீட்டுக்குக் கிளம்புங்க. போய் அந்த இன்ஜினைக் கட்டிக்கிட்டு அழுங்க. ஏதாவதுன்னா நான் போன் பண்றேன்."

"இல்லடி, நான் ஓரமா..."

"ஓரமா நிக்கிற ஆளா நீங்க? கிளம்புங்க."

அந்தச் சமயம் பார்த்துச் சம்பந்தியம்மாவும் தன் பாரத்தை இறக்கிவைத்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த தன் கணவரைக் கைகாட்டி, "அப்படியே இவரையும் கூட்டிட்டுப் போயிடுங்கண்ணா. காலையிலேர்ந்து பிடிச்சு வச்ச மாதிரி உட்கார்ந்திருக்காரு. அந்த மூஞ்சியைப் பார்த்தா எனக்கே பயமா இருக்கு" என்றாள்.

பெஞ்சில் இருந்தவர் டெய்லர். மாப்பிள்ளையின் அப்பா. அவருக்கும் லிஃப்ட்காரருக்கும் பேச்சுவார்த்தை நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மனைவிமார் வழியாகத்தான் போகும், வரும்.

ஊருக்குத் தெரிந்த காரணம் ஒரு கோட். பிள்ளைகளின் கல்யாணத்துக்கு டெய்லர் தன் கையாலேயே சம்பந்திக்கு ஒரு கோட் தைத்துக் கொடுத்தார். அதன் இடது கை வலது கையைவிட ஓர் அங்குலம் குட்டையாக வந்துவிட்டது. "அளவெடுக்கிறப்போ ஒரு நிமிஷம் நின்னாத்தானே?" என்று டெய்லர் சொன்னார். "முப்பது வருஷம் கத்தரி பிடிச்ச ஆளுக்கு இது ஒரு சாக்கா?" என்று லிஃப்ட்காரர் சொன்னார். சொந்தக்காரர்கள் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் கோட்டுக்காக யாரும் ஒரு வருஷம் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. உண்மையான காரணத்தை லிஃப்ட்காரர் தன் மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

போன வருஷம் மகளுக்கு ஏழாவது மாதத்தில் குழந்தை தங்காமல் போய்விட்டது. அன்றைக்குச் சாயங்காலம் லிஃப்ட்காரர் வீட்டில் இருக்க முடியாமல் தெருத் தெருவாக நடந்தார். எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடந்து, கடைசியில் சம்பந்தியின் தையல் கடைக்கு முன்னால் போய் நின்றார். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. குனிந்து பார்த்தால், டெய்லர் மெஷின் முன்னால் உட்கார்ந்து மடியில் துணியை வைத்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார். தலை நிமிரவே இல்லை. லிஃப்ட்காரர் கூப்பிடாமல் திரும்பிவிட்டார். "அந்த மனுஷனுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதுடி. இன்னைக்கும் ஆர்டர் தைக்கிறான்" என்று வீட்டுக்கு வந்து சொன்னார். அதற்கப்புறம் அவரோடு பேசவில்லை.

அந்த ஆளைத்தான் இப்போது ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. டெய்லர் அவருடைய தோளைப் பிடிக்கவில்லை. பின்பக்கக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிக்னலில் நின்றபோது லிஃப்ட்காரர் போனை எடுத்துப் பார்த்தார். பின்னாலிருந்து டெய்லரும் எட்டிப் பார்த்தார்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட். அதில் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு கார், முகப்பைத் திறந்துகொண்டு நின்றது. ஓடாமல் கிடந்ததை லிஃப்ட்காரர் வாங்கிவந்து நாலு வருஷம் ஆகிறது. அவர் பொறுமையில் நாலு வருஷம் என்பது சாதனை. பழைய லிஃப்ட் கதவு ஒன்றை இரண்டு முக்காலிகள் மேல் போட்டு மேசையாக்கியிருந்தார். அதன்மேல் இன்ஜினின் மண்டைப் பாகமான ஹெட், பட்டறையில் வழவழவென்று இழைத்து வந்தது, ஒரு பழைய போர்வை மேல் படுத்திருந்தது. பக்கத்தில் ஓர் அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு எட்டு வால்வுகளையும் வரிசையாகக் குத்தி வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் கீழே பென்சிலில் நம்பர்.

டெய்லருக்கு உட்கார ஓர் எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டார். தன் போனை மேசையின் நட்டநடுவே, திரை மேலே தெரிகிறமாதிரி வைத்தார். டெய்லரும் தன் போனை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

லிஃப்ட்காரர் ஒரு சின்ன அட்டைப் பெட்டியைக் கிழித்தார். உள்ளே எட்டு வால்வ் சீல்கள். கட்டைவிரல் நுனியில் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு ரப்பர் குல்லா, அதன் கழுத்தில் கம்பிச் சுருள் ஒன்று. பார்த்தால் பொம்மைச் சாமான் மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் காரை அவர் பிரித்துப் போட்டதே இதற்காகத்தான். இன்ஜின் மண்டையில் எப்போதும் எண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும். அந்த எண்ணெய் வால்வின் தண்டு வழியாகக் கீழே இறங்கிவிடாமல் வழித்து நிறுத்துவது இந்தக் குல்லாவின் வேலை. பழைய சீல்கள் காய்ந்து கல்லாகிவிட்டிருந்தன. ராத்திரி முழுக்க எண்ணெய் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும். காலையில் வண்டியைக் கிளப்பினால் தெருவே தெரியாமல் நீலப் புகை. எதிர்வீட்டு அம்மாள் ஒருமுறை தீயணைப்பு வண்டிக்கே போன் போட்டுவிட்டாள்.

முதல் வால்வுக்கு எண்ணெய் தடவி, ஹெட்டின் அடியிலிருந்து செருகினார். சீலை எடுத்து அதன்மேல் இறக்கி, ஒரு குழாய்த் துண்டை வைத்து அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது. ஸ்பிரிங்கை எடுக்கக் கை நீட்டினார். நடுவில் ஒரு தரம் போனைத் தொட்டுப் பார்த்தார். ஸ்பிரிங்கை வைத்தார். ஏதோ ஆடியது.

"அந்த வாஷர் போடலையே" என்று டின் மேலிருந்து ஒரு குரல் வந்தது.

லிஃப்ட்காரர் திரும்பினார். டெய்லர் சீல் பெட்டிக்குள் இருந்த மடித்த தாளை விரித்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல படம் போட்டிருக்கு. முதல்ல தட்டை வாஷர். அதுக்கப்புறம்தான் இந்தக் குல்லா. வாஷரோட ஓட்டை சின்னது. குல்லாவைப் போட்டுட்டா அப்புறம் அது இறங்காது."

மேசை ஓரத்தில் எட்டு வாஷர்களும் அடுக்கினபடி இருந்தன. நூறு தரம் படித்த விஷயம். கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். லிஃப்ட்காரருக்குச் சுர்ரென்று ஏறியது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. குறடு ஒன்றை எடுத்துச் சீலைக் கவ்வி இழுத்தார். வரவில்லை. முறுக்கி இழுத்தார். வந்தது, விளிம்பு கிழிந்து வந்தது.

"போச்சு" என்றார்.

"வேற இருக்கா?"

"எட்டு வால்வ், எட்டு சீல். எண்ணித்தான் குடுப்பான்."

கிழிந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பரவாயில்ல, லேசாத்தான் கிழிஞ்சிருக்கு. கடைசியில இதையே போட்டுடலாம். உள்ள போயிட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

டெய்லர் கையை நீட்டினார். லிஃப்ட்காரர் சீலை அந்தக் கையில் வைத்தார். டெய்லர் அதன் விளிம்பை விரல் நுனியால் ஒரு சுற்றுத் தடவிவிட்டு, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்ன பண்றீங்க?"

"இது என்கிட்ட இருக்கட்டும். மீதி ஏழையும் முடிப்போம்."

அந்தச் சமயம் போன் அடித்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்ததில் எண்ணெய் டின் உருண்டது. லிஃப்ட்காரர் எண்ணெய்க் கையோடு எடுத்துக் காதில் வைத்தார். எங்கேயோ ஒரு குடியிருப்பின் செயலாளர். லிஃப்ட் கதவு சரியாக மூடமாட்டேன் என்கிறது, யாராவது வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார்.

"மாடிப்படி இருக்கில்ல? ஏறுங்க!" என்று கத்திவிட்டு லிஃப்ட்காரர் போனை வைத்தார். டெய்லர் டின்னை நிமிர்த்தி, திரும்பவும் கவிழ்த்து, திரும்பவும் உட்கார்ந்தார். இந்தத் தடவை மேசைக்குப் பக்கத்தில்.

அதற்கப்புறம் வேலை தானாகவே இரண்டாகப் பிரிந்துகொண்டது. வாஷரை டெய்லர் வைப்பார். வால்வின் நுனியில், ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்தும் லாக் மாட்டுகிற பள்ளம் இருக்கும். சீல் அதைத் தாண்டி இறங்கும்போது பள்ளத்தின் விளிம்பு கத்திபோலக் கீறிவிடும். அதற்காகப் பெட்டியோடு வந்திருந்த மெல்லிய பிளாஸ்டிக் உறையை நுனியில் மாட்டி, எண்ணெய் தொட்டு, குல்லாவைக் கட்டைவிரலால் மெதுவாக இறக்குவார். குழாய்த் துண்டு இல்லாமலே அழுத்துவார். உட்கார்ந்ததும், "ம்" என்பார். பிறகு லிஃப்ட்காரர் ஸ்பிரிங்கை வைத்து, பெரிய இடுக்கி மாதிரி இருந்த கருவியால் திருகித் திருகி அதை அமுக்குவார். அமுங்கின ஸ்பிரிங்குக்கு நடுவே தெரியும் பள்ளத்தில் பாதி வளையம் போல இரண்டு லாக்குகளை உட்காரவைக்க வேண்டும். லிஃப்ட்காரர் கையில் அவை வழுக்கிக்கொண்டு போயின. டெய்லர் கிரீஸை ஒரு பொட்டு தொட்டு, ஊசி முனையில் மணி கோப்பதுபோல இரண்டையும் வைத்துவிட்டு, "விடுங்க. மெதுவா" என்பார்.

இப்படி மூன்று வால்வுகள் முடிந்தன. மணி பன்னிரண்டரை. போன் அடிக்கவில்லை. லிஃப்ட்காரர் மனைவிக்குப் போட்டார், எடுக்கவில்லை. மாப்பிள்ளைக்குப் போட்டார்; "இன்னும் ஒண்ணும் சொல்லல மாமா" என்றான். குரல் சரியில்லாதமாதிரி இருந்தது. ஷெட்டுக்குள் நாலு எட்டு, வாசலுக்கு நாலு எட்டு என்று நடந்தார். சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்களை எல்லாம் எடுத்து, துடைத்து, மாட்டினபடியே மாட்டினார். திரும்பிப் பார்த்தால் டெய்லர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் முழங்கால்மேல். அந்தச் சாயங்காலம் ஷட்டருக்கு அடியில் பார்த்த அதே குனிந்த முதுகு.

லிஃப்ட்காரரால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"எப்படிங்க உங்களால முடியுது? ஒரு வார்த்தை கிடையாது, ஒரு பெருமூச்சு கிடையாது. என் பொண்ணு அங்க கிடக்கிறா. அவ உங்களுக்கும் மருமகதானே? போன வருஷமும் இப்படித்தான். குழந்தை போன அன்னைக்கு நான் கடைக்கு வந்தேன், தெரியுமா உங்களுக்கு? ஷட்டருக்கு அடியில பார்த்தேன். ஒக்காந்து தைச்சுக்கிட்டிருந்தீங்க. அன்னைக்கு! எப்படிங்க கை வந்துது?"

டெய்லர் முழங்காலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்கு நான் தைக்கல" என்றார்.

"நான் என் கண்ணால..."

"பிரிச்சுக்கிட்டிருந்தேன்."

லிஃப்ட்காரருக்குப் புரியவில்லை.

"குழந்தைக்குன்னு பதினோரு சட்டை தைச்சு வச்சிருந்தேன். சின்னச் சின்னதா. கடையில மிச்சம் விழற துணிதான், ஆனா நல்ல துணி. எந்தச் சட்டைக்கு எந்தக் கலர்னு உங்க பொண்ணுதான் வந்து எடுத்துக் குடுத்தா. அவ ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றப்போ அதெல்லாம் அவ கண்ணுல படக் கூடாதுன்னு என் வீட்டுக்காரி சொன்னா. எங்கயாவது குடுத்துடுங்கன்னா. குடுக்க மனசு வரல. தூக்கிப் போடவும் முடியல. அதான் ஒவ்வொண்ணா தையலைப் பிரிச்சேன். பிரிச்சுட்டா வெறும் துணிதானே. துணியைப் பார்த்தா யாருக்கும் ஒண்ணும் தோணாது."

வெளியே தெருவில் யாரோ ஒரு வண்டியைப் பின்னுக்கு எடுத்தார்கள். அந்த ஊளைச் சத்தம் ஓயும்வரை இரண்டு பேரும் காத்திருந்தமாதிரி இருந்தது.

"இந்தத் தடவை?" என்று லிஃப்ட்காரர் கேட்டார்.

"இந்தத் தடவை ஒண்ணுமே தைக்கல. அவ ரெண்டு தரம் கேட்டா. பார்ப்போம்மா, பார்ப்போம்மான்னு தள்ளிக்கிட்டே வந்துட்டேன். பயம்." டெய்லர் முழங்காலைக் கையால் அழுத்தினார். "நான் எழுந்து நின்னா கால் உதறுதுங்க. ஆஸ்பத்திரியிலயும் அதான். அதனாலதான் உட்கார்ந்தே இருக்கேன்."

அப்போதுதான் லிஃப்ட்காரர் பார்த்தார். முழங்கால்மேல் வைத்த கைகள் வெறுமனே வைத்த கைகள் அல்ல. முழங்காலைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தன. அந்தக் காலோடுதான் இவர் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். இந்தக் கையோடுதான் மூன்று வால்வுகளின் லாக்கையும் வைத்திருக்கிறார்.

லிஃப்ட்காரருடையது மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய். இரண்டு தரம் திறந்து இரண்டு தரம் மூடியது. கடைசியில், "நாலாவது வால்வை எடுங்க" என்றார்.

"எடுக்கிறேன்."

நாலு முடிந்தது. ஐந்து முடிந்தது. ஆறாவதில் ஒரு லாக் எகிறித் தெறித்துக் கூரைத் தகரத்தில் பட்டு எங்கேயோ விழுந்தது. இரண்டு பேரும் முட்டிபோட்டுத் தரையெல்லாம் தடவினார்கள். "மெதுவா விடுங்கன்னு சொன்னேனில்ல?" என்று டெய்லர் காருக்கு அடியிலிருந்து கத்தினார். "நான் மெதுவாத்தான் விட்டேன், நீங்க கோணலா வச்சீங்க!" என்று லிஃப்ட்காரர் மறுபக்கத்திலிருந்து கத்தினார். கத்திக்கொண்டதில் இரண்டு பேருக்குமே மூச்சு கொஞ்சம் லேசானமாதிரி இருந்தது. லாக் லிஃப்ட்காரரின் கால்சட்டை மடிப்புக்குள்ளேயே இருந்தது.

ஏழாவது வால்வின் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்திருந்தபோது போன் அடித்தது. இந்த முறை அவர் மனைவி.

லிஃப்ட்காரரால் கையை விட முடியவில்லை. விட்டால் ஸ்பிரிங் தெறிக்கும். "எடுங்க, எடுங்க" என்றார். டெய்லர் எடுத்தார். கேட்டார். "சரிம்மா" என்றார். மறுபடியும், "சரிம்மா. வர்றோம்" என்றார். போனை வைத்துவிட்டு, அந்த வால்வின் இரண்டு லாக்குகளையும் எடுத்துப் பள்ளத்தில் வைத்தார். வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"விடுங்க. குழந்தையோட நாடித்துடிப்பு இறங்குதாம். ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோயிட்டாங்களாம்."

ஸ்கூட்டர் கிளம்பினது லிஃப்ட்காரருக்குத் தெரியும். எந்தத் தெரு வழியாகப் போனார் என்று பின்னாளில் கேட்டால் அவரால் சொல்ல முடியாது. தோள் இரண்டையும் பின்னாலிருந்து ஒருவர் இறுக்கிப் பிடித்திருந்தார். அது மட்டும் தெரிந்தது. இரண்டு பேருக்கும் தலைக்கவசம் இல்லை, காலில் செருப்புக்கூட ஒருவருக்குத்தான் இருந்தது. ஆஸ்பத்திரி லிஃப்ட் மேலே எங்கேயோ நின்றுகொண்டிருந்தது. பொத்தானை அழுத்தக்கூட நிற்காமல் லிஃப்ட்காரர் படியில் ஓடினார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று திரும்பிப் பார்த்தார். டெய்லர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக வந்துகொண்டிருந்தார். லிஃப்ட்காரர் பாதி மாடி இறங்கி வந்து அவர் கையைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

மேலே மனைவிமார் இரண்டு பேரும் சுவரோரம் ஒட்டி நின்றார்கள். மாப்பிள்ளை கதவுக்கு நேராக நின்றான். யாரும் யாரையும் போகச் சொல்லவில்லை. மேலே ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. லிஃப்ட்காரர் அதன் கீழே நடந்தார். மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவருக்கு அதிகப் பயமாக இருந்தது. பதினேழு நிமிடம். அவர் எண்ணினார்.

கதவு திறந்தபோது வந்தது டாக்டர் அல்ல, காலையில் கீலுக்காகத் திட்டின அதே நர்ஸ்.

"பெண் குழந்தை. ரெண்டு கிலோ நூறு. கொஞ்சம் மூச்சுக்குத் திணறினா, இப்ப சரியாயிடுச்சு. ரெண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில வச்சிருப்போம். அம்மா நல்லா இருக்காங்க."

சம்பந்தியம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். லிஃப்ட்காரரின் மனைவி அழ ஆரம்பித்தாள். மாப்பிள்ளை, "உள்ள போகலாமா?" என்று மட்டும் மூன்று தரம் கேட்டான். நர்ஸ் அவனை அனுப்பிவிட்டு, பின்னாலேயே வந்த கிழவர்கள் இரண்டு பேரையும் கை நீட்டி மறித்தாள்.

"இது என்ன கையி? எங்கேயிருந்து வர்றீங்க ரெண்டு பேரும்? இந்தக் கையோட கண்ணாடிப் பக்கம்கூட வரக் கூடாது. போய்க் கழுவிட்டு வாங்க."

நடைபாதைக் கோடியில் ஒரு தொட்டி. குழாயைத் திறந்து இரண்டு பேரும் சோப்பைத் தேய்த்தார்கள். நுரை கறுப்பாக வந்தது. திரும்பத் தேய்த்தார்கள். சாம்பலாக வந்தது. உள்ளங்கை வெளுத்தது, நகக்கண் வெளுக்கவில்லை. நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பிரஷ்ஷைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனாள். லிஃப்ட்காரர் அதைத் தன் விரலில் நாலு தேய் தேய்த்தார். பிறகு டெய்லரின் கையை இழுத்து, ஒவ்வொரு நகமாக அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தார். டெய்லர் கையைக் கொடுத்துவிட்டு நின்றார். அவர் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் இறங்கி மூக்கு நுனியில் நின்றது. துடைக்கக் கை இல்லை.

"நான் அன்னைக்குக் கடைக்குள்ள வந்திருக்கணும்" என்றார் லிஃப்ட்காரர், நகத்தைப் பார்த்துக்கொண்டே.

"வந்திருந்தா உங்ககிட்டயும் ஒரு கத்தரி குடுத்திருப்பேன்" என்றார் டெய்லர்.

நர்ஸ் ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் என்றாள். "நீங்க போங்க" என்றார் இவர். "இல்ல, நீங்க போங்க" என்றார் அவர். "யாராவது ஒருத்தர் போறீங்களா, கதவை மூடட்டுமா?" என்று கேட்டதும் இரண்டு பேரும் ஒன்றாகவே நுழைந்துவிட்டார்கள்.

மகள் ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தாள், வாடகைக் காரில். பழைய காரில்தான் கூட்டி வருவேன் என்று லிஃப்ட்காரர் சொல்லிவைத்திருந்தது யார் நினைவிலும் இல்லை; அவர் நினைவில்கூட இல்லை. எட்டாவது சீலுக்காக டெய்லர் தானே கடை கடையாக ஏறினார். தனியாக ஒன்று தரமாட்டோம் என்றார்கள். முழுப் பெட்டியாக வாங்கி வந்தார். அதிலிருந்து ஒன்றை எடுத்துப் பொறுமையாக விளிம்பைத் தடவிப் பார்த்தார், திருப்தியில்லை, இன்னொன்றை எடுத்தார். வாஷரை முதலில் வைத்தார்.

ஹெட்டை ஏற்றி இறுக்க இன்னும் பத்து நாள் ஆனது. முதல் தரம் கிளப்பியபோது நீலப் புகை கிளம்பி டெய்லருக்கு முகமே செத்துவிட்டது. "நான் வச்சதுதான் சரியில்லையோ?" என்று கேட்டார். பூட்டும்போது தடவின எண்ணெய்தான் எரிகிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும் என்று லிஃப்ட்காரர் சொன்னார். நின்றுவிட்டது. ஆனாலும் உண்மையான பரீட்சை ராத்திரி முழுக்க நிறுத்திவைத்துக் காலையில் கிளப்புவதுதான். டெய்லர் ஆறு மணிக்கே வந்து ஷெட் வாசலில் நின்றார். லிஃப்ட்காரர் சாவியைத் திருப்பினார். இன்ஜின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. டெய்லர் பின்னால் போய்க் குனிந்து புகைக்குழாயைப் பார்த்தார். ஒரு வெள்ளைக் கைக்குட்டையை அதன் முன்னால் பிடித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல" என்றார். "இன்னொரு தரம் நிறுத்திட்டுக் கிளப்புங்க."

மூன்று தரம் கிளப்பினார்கள். அதற்கப்புறம் வண்டியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து ஹார்ன் அடித்தார்கள். மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, கதவுக் கண்ணாடி வழியே உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"சீட் பெல்ட் எங்கப்பா?"

"அந்தக் காலத்து வண்டிம்மா. அதுல ஏது பெல்ட்?"

"அப்ப நீங்களே போங்க. பெல்ட் இல்லாத வண்டியில என் பொண்ணை ஏத்தமாட்டேன்."

"ஒரே ஒரு சுத்து. மெதுவா..."

"மெதுவாவா? நீங்களா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

லிஃப்ட்காரர் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார். பக்கத்துச் சீட்டின் கதவு திறந்தது. டெய்லர் ஏறி உட்கார்ந்து, கதவை இரண்டு தரம் அடித்து மூடினார். "கிளப்புங்க, கடை திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு" என்றார்.

"எங்க போறது?"

"எங்கயாவது."

தெருமுனையில் இடது பக்கம் திரும்புவதா வலது பக்கம் திரும்புவதா என்று இரண்டு பேருக்கும் பேச்சு வந்தது. பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்தான். லிஃப்ட்காரர் நேராகவே ஓட்டினார்.